அசைய மறுக்கும் எரிபொருள் வடிகட்டி: வீட்டிலேயே மாற்றுவோர் அறிய வேண்டியவை

வாகனக் கடன் பெற வரும் வாடிக்கையாளர்கள் முன்பணம், வட்டி விகிதம், மாதத் தவணை, காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றைக் கேட்டறிந்து கணக்கிட்டுக் கொள்கின்றனர். வாகனம் ஓடும் நாள்களில்தான் தவணைக்கான வருவாய் வரும் என்பதையும் அவர்கள் நன்கறிவர். ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தை நடுவழியில் நிறுத்தவல்ல ஒரு சிறு பொருளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. எரிபொருள் வடிகட்டி என்று நூல்களிலும் ‘டீசல் ஃபில்டர்’, ‘பெட்ரோல் ஃபில்டர்’ என்று பட்டறைகளிலும் வழங்கும் பொருள் அது.

இதனை வீட்டிலேயே மாற்றிக்கொள்வோர் பலர் உள்ளனர். கூலி மிச்சமாகும், பட்டறையில் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய வடிகட்டி எளிதில் கழன்றுவிட்டால் அரைமணி நேர வேலைதான். ஆனால், பல ஆண்டுகள் தொடப்படாமல் இருந்த வடிகட்டி அவ்வளவு எளிதில் கழலாது. அப்போது கையில் ஏறும் வேகமே பெருஞ்செலவுக்கு வழியாகிறது. அத்தகைய வடிகட்டியை எவ்வாறு கழற்றுவது, எந்த இடத்தில் முயற்சியை நிறுத்துவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லைப்புற ஊரும் எரிபொருளும்

சத்தியவேடு, 1960 ஏப்ரல் 1 அன்று செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஆந்திரத்துடன் இணைக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்தது. சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்து, 2022 ஏப்ரலில் புதிதாக அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்திற்கு மாறியது. தெற்கே ஊத்துக்கோட்டை, கிழக்கே கும்மிடிப்பூண்டி என இருபுறமும் தமிழ்நாடு அருகிலேயே உள்ளது. வடக்கே உள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கிய பின்னர், பணியாளர்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களும் வேன்களும் சரக்கு வாகனங்களும் இப்பகுதியில் பெருகின. டீசல் பிக்கப் வாகனங்களை உருவாக்கும் இசுசு நிறுவனத்தின் தொழிற்சாலையும் 2016 முதல் அங்கேயே இயங்கி வருகிறது.

மாநில வரியின் வேறுபாட்டால் அண்மை ஆண்டுகளில் ஆந்திரத்தைவிடத் தமிழ்நாட்டில் டீசலின் விலை குறைவாக இருந்து வருகிறது. எல்லையைக் கடந்து செல்லும்போது தொட்டியை நிரப்பிக்கொள்வது நியாயமான சிக்கனமே. ஆனால், கேன்களிலும் பழைய பீப்பாய்களிலும் டீசலை வாங்கி வைத்துப் பின்னர் ஊற்றுவது வேறு கதை. பீப்பாயின் துரு, கேனின் அடியில் தங்கிய மண், மூடி சரியாகப் பொருந்தாமல் உட்புகுந்த ஈரம் ஆகிய அனைத்தும் வாகனத்தின் தொட்டிக்குள் செல்கின்றன. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சப்பட்டாலும், அந்த அழுக்கைச் சுமக்க வேண்டியது வடிகட்டிதான்.

வடிகட்டி எதைக் காக்கிறது?

அம்பாசிடர் டீசல் கார்களும் பழைய ஜீப்புகளும் ஓடிய காலத்தில், எரிபொருளை எஞ்சினுக்குள் பீய்ச்சும் பம்புகள் இயந்திர முறையில் இயங்கின. 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் பம்புகளையும் வடிகட்டிகளையும் அறியாத ஓட்டுநர் அக்காலத்தில் இல்லை எனலாம். அவற்றில் பீய்ச்சும் அழுத்தம் சில நூறு பார் அளவே. ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம்.

1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 என்னும் இத்தாலியக் காரில் ‘காமன் ரெயில்’ முறை விற்பனைக்கு வந்தது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கி வைத்து, மின்னணுக் கட்டளைப்படி பீய்ச்சுவது இதன் இயல்பு. இம்முறையை உருவாக்கிய ஃபியட் குழுமத்தின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினே பின்னாளில் மாருதி சுசுகியின் ஸ்விஃப்ட், டிசையர் கார்களிலும் டாட்டாவின் சில கார்களிலும் இடம்பெற்றது. மாருதி 2020-இல் டீசல் கார்களைக் கைவிட்ட பின்னரும், அந்த டிசையர் கார்கள் இன்றும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன.

இம்முறையில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பல வாகனங்களில் 1,600 பாரையும் எட்டும். இன்ஜெக்டருக்குள் நகரும் உறுப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதரின் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் கொண்டது. கண்ணுக்குப் புலப்படாத துகள் ஒன்று அவ்வளவு அழுத்தத்தில் அவ்வளவு குறுகிய இடைவெளியில் பாயும்போது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போல் உலோகத்தை அரிக்கிறது. அத்துகளைத் தடுத்து நிறுத்துவதே வடிகட்டியின் முதற்பணி.

இரண்டாம் பணி நீரைப் பிரித்தல். தொட்டியில் டீசல் குறையக் குறைய அதன் மேல் காற்று நிரம்புகிறது. இரவில் குளிரும்போது அக்காற்றிலுள்ள ஈரம் துளிகளாகத் தொட்டியின் சுவரில் படிகிறது. நீர் டீசலைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் இப்பகுதியில் இது கூடுதலாக நிகழும். டீசல் வடிகட்டியின் அடிப்பகுதி இந்நீரைத் தேக்கி வைக்கும் கிண்ணமாகவும் அமைந்துள்ளது. பல வாகனங்களில் அதன் அடியில் நீரை வெளியேற்றும் திருகு ஒன்றும், நீர் மிகும்போது முகப்புப் பலகையில் விளக்கெரியச் செய்யும் உணரியும் இருக்கும். மழைக்காலத்தில் இரவு நிறுத்துமுன் தொட்டியை நிறைத்து வைப்பது நீர் சேர்வதைக் குறைக்கும் எளிய வழி.

வடிகட்டி அடைபடும்போது வாகனம் சில அறிகுறிகளைக் காட்டும். மேட்டில் ஏறும்போதும் பாரம் ஏற்றியபோதும் இழுவை குறையும். காலையில் எஞ்சினைக் கிளப்ப நேரமாகும். வேகமாகச் செல்லும்போது திணறி, மெதுவாகச் செல்லும்போது சரியாகிவிடும். இவ்வறிகுறிகள் வேறு பழுதுகளாலும் தோன்றக்கூடும். எனினும், வடிகட்டியை மாற்றி நெடுநாளாகியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதையே.

காப்பீடு தராத பாதுகாப்பு

டீசல் வடிகட்டியின் விலை வாகனத்தைப் பொறுத்துச் சில நூறு ரூபாய் முதல் ஓரிரு ஆயிரம் ரூபாய் வரை இருக்கும். ஓர் இன்ஜெக்டரின் விலை பல வாகனங்களில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும்; நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு அவை நான்கு. உயர் அழுத்தப் பம்பின் செலவு தனி.

இச்செலவைக் காப்பீடு ஏற்கும் என்று பலர் எண்ணுகின்றனர். முழுக் காப்பீடு எனப்படும் பாலிசியின் பொதுவான விலக்குகளிலேயே தேய்மானம், இயந்திரப் பழுது, மின் பழுது ஆகியவை இடம்பெற்றுள்ளன. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் நேரும் சேதத்துக்கே அது பொறுப்பேற்கிறது. ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்னும் கூடுதல் காப்பும் பெரும்பாலும் எஞ்சினுக்குள் வெள்ளநீர் புகுதல், அடிபட்டு எண்ணெய் கசிதல் போன்ற நிகழ்வுகளை முன்னிட்டதே. அழுக்கு டீசலால் தேய்ந்த இன்ஜெக்டருக்கு இழப்பீடு கோரினால், பராமரிப்புக் குறை என்ற விடையே வரக்கூடும். உங்கள் பாலிசியின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வாகனம் பட்டறையில் நிற்கும் நாள்களிலும் மாதத் தவணை நிற்பதில்லை. பழுதுச் செலவு, வருவாய் இழப்பு, தவணை ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் சேர்வதே கணக்கு தவறத் தொடங்கும் இடம். எனவே, வடிகட்டியின் விலையைச் செலவாகக் கருதாது, எந்தக் காப்பீட்டு நிறுவனமும் தராத ஒரு காப்பீட்டின் கட்டணமாகக் கருதுவது பொருந்தும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? வாகனத்துடன் தரப்படும் கையேட்டில் அந்த அளவு உள்ளது. நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும். தூசு மிகுந்த சாலைகளில் ஓடும் வாகனங்களுக்குக் கையேடுகள் தனியே குறுகிய இடைவெளியைக் குறிப்பிடுவதும் உண்டு. காலத்தில் மாற்றுவதில் மற்றொரு நன்மையும் இருக்கிறது: உரிய காலத்தில் கழற்றி மாட்டப்படும் வடிகட்டி பிடிவாதம் பிடிப்பது அரிது.

எதை வீட்டில் செய்யலாம்?

வேலையைத் தொடங்குமுன் மூன்று செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வாகனம் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்திலேயே மாற்றுவது நலம். பின்னாளில் எரிபொருள் அமைப்பில் பழுது நேர்ந்தால், நீங்களே கழற்றியது உங்களுக்கு எதிரான வாதமாகக்கூடும்.

இரண்டாவது, பெட்ரோல் வாகனங்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் வடிகட்டி, எரிபொருள் தொட்டிக்குள்ளேயே பம்புடன் சேர்ந்து அமைந்துள்ளது. அதனை வீட்டில் தொட வேண்டாம். பழைய கார்கள் சிலவற்றில் வண்டியின் அடியில் குழாய்ப் பாதையில் தனியே வடிகட்டி இருக்கும். அக்குழாயில் எஞ்சின் நின்ற பின்னரும் மூன்று நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோல் தேங்கி நிற்கும். பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே அணையும்வரை ஓடவிட்டு, அழுத்தத்தைத் தணித்த பின்னரே குழாயைக் கழற்ற வேண்டும். பெட்ரோலின் ஆவி கடுங்குளிரிலும் தீப்பற்றக் கூடியது. காற்றைவிடக் கனமாதலால் தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். மூடிய கொட்டகையில் இவ்வேலையைச் செய்தல் கூடாது.

மூன்றாவது, டீசல் வாகனங்கள். இவற்றில் வடிகட்டி பெரும்பாலும் பேனட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில், குறைந்த அழுத்தப் பகுதியில் அமைந்திருப்பதால், வீட்டில் மாற்றுவதற்கு ஏற்றது. ஆனால், பம்பிலிருந்து இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் எஃகுக் குழாய்களை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அவற்றில் ஏற்படும் கசிவு, தோலைத் துளைத்து உடலுக்குள் டீசலைச் செலுத்திவிடும். காயம் ஊசிமுனை அளவே தோன்றினும், உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நிலை அது.

முன்னேற்பாடு

புதிய வடிகட்டியை முன்கூட்டியே வாங்கி, பழையதன் அருகில் வைத்து அளவையும் குழாய் வாய்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உடன் வரும் ரப்பர் வளையங்கள் அனைத்தும் உள்ளனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிளிப்புகள் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். கையுறை, கண்ணாடி, டீசலைப் பிடிக்க ஒரு தட்டு, நூல் பிரியாத துணி, துருவை இளக்கும் ஸ்பிரே, தீயணைப்பான் அல்லது ஒரு வாளி மணல் ஆகியன அருகில் இருத்தல் வேண்டும்.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பின் தொடங்குங்கள். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வையுங்கள். வடிகட்டியைச் சுற்றியுள்ள புழுதியை முதலில் துடைத்துவிடுங்கள். திறந்த குழாய்க்குள் விழும் மண், புதிய வடிகட்டியைத் தாண்டிய பக்கத்தில் விழுந்தால் நேரே இன்ஜெக்டருக்குச் செல்லும். எந்தக் குழாய் எங்கிருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குரிய நேரத்தையும் தேர்ந்து கொள்ள வேண்டும். அருகிலுள்ள பட்டறையும் உதிரிபாகக் கடையும் திறந்திருக்கும் ஒரு காலை வேளை ஏற்றது. மறுநாள் விடியலில் சவாரி இருக்க, ஞாயிறு மாலையில் தொடங்குவது உகந்ததன்று.

வடிகட்டி ஏன் அசைய மறுக்கிறது?

பிடிவாதத்துக்கு நான்கு காரணங்கள் உண்டு. காரணத்திற்கேற்ப வழியும் வேறுபடும். எதனால் சிக்கியுள்ளது என்று அறியாமல் இழுப்பதே உடைப்புக்குக் காரணம்.

ஒன்று, பூட்டு வாய்க் குழாய்கள். இன்றைய கார்களில் குழாயின் முனையில் பிளாஸ்டிக்கால் ஆன பூட்டு இருக்கும். பூட்டின் நாக்குக்கும் உள்ளிருக்கும் விளிம்புக்கும் இடையே நுண்மணல் புகுந்து இறுகிவிடுவதால் அது விடுபடாது. இழுக்கும் முன் குழாயை வடிகட்டியை நோக்கி உள்ளே தள்ளுங்கள். அப்போது நாக்கின் மேலுள்ள பளு நீங்கும். அந்நிலையில் இருபுற நாக்குகளையும் அமுக்கிப் பிடித்து, இடவலமாகச் சிறிது திருப்பி, நேராக இழுங்கள். அசையாவிடில், குழாய் இன்னும் திறக்கப்படாத நிலையிலேயே பூட்டின் இடுக்கில் சிறிது நீர் ஊற்றிப் புழுதியைக் கழுவி, நன்கு துடைத்த பின் மீண்டும் முயலுங்கள். திருப்புளியால் நெம்பினால் பூட்டு உடையும். பூட்டு மட்டும் தனியே விற்பனைக்குக் கிடைக்காத வாகனங்களில் குழாய் முழுவதையும் வாங்க நேரிடும்.

இரண்டு, ரப்பர் குழாய். பல ஆண்டுகளில் ரப்பர் உலோக வாயோடு ஒட்டிக்கொள்கிறது. கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, குழாயை இழுக்காமல் முதலில் குறட்டால் மெல்லப் பிடித்துச் சுழற்றுங்கள். சுழன்றுவிட்டால் ஒட்டு விட்டது; பின் எளிதில் வரும். சுழலாவிடில், மாற்றுக் குழாய் கையில் இருந்தால் மட்டும், பழையதை நீளவாக்கில் கீறி எடுக்கலாம்.

மூன்று, துருப்பிடித்த தாங்கியும் அதன் போல்ட்டும். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து அரைமணி நேரம் காத்திருங்கள். பின்னர் போல்ட்டைக் கழற்றும் திசையில் திருப்புமுன், இறுக்கும் திசையில் மிகச் சிறிது அசைத்துப் பாருங்கள். துருவின் பிடி விட்டதும் எதிர்த்திசையில் திருப்புங்கள். தலை தேயாமலிருக்க, அளவு சரியான, ஆறு பக்கமும் பிடிக்கும் ரிங் ஸ்பானரையோ பாக்ஸ் ஸ்பானரையோ பயன்படுத்துங்கள். நெருப்பால் சூடேற்றுவது டீசல் குழாய்களுக்கு அருகில் அறவே கூடாது.

நான்கு, திருகி மாட்டும் டப்பா வகை வடிகட்டி. முன்பு மாட்டியவர் கருவி கொண்டு அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலோ, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவாமல் மாட்டியிருந்தாலோ அது இறுகிக்கொள்ளும். பட்டை ஸ்பானர் எனப்படும் கருவியை டப்பாவின் நடுவில் அல்லாது, அதன் தலைப்பகுதிக்கு அருகில் சுற்றி, சீராக அழுத்தம் கொடுங்கள். பட்டை வழுக்கினால் இடையில் உப்புத்தாளை வைக்கலாம். டப்பாவில் திருப்புளியை ஓங்கிக் குத்தித் திருப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. தகடு கிழிந்து வளையம் மட்டும் மேலே தங்கிவிட்டால் பிடிப்பதற்கு ஏதும் இராது. கிழிந்த வடிகட்டியுடன் பட்டறைவரை ஓட்டிச் செல்லவும் இயலாது.

புதியதை மாட்டுதல்

பழைய டப்பாவைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் உடன் வந்துள்ளதா என்று பாருங்கள். அது மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மீது புதிய வளையத்தை மாட்டினால் கசிவு உறுதி. புதிய வளையத்தில் சில துளி சுத்தமான டீசலைத் தடவுங்கள். கையால் திருகி, வளையம் பரப்பைத் தொட்ட பின், வடிகட்டியின் மேல் அச்சிட்டுள்ள அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் அது முக்கால் சுற்று அளவாக இருக்கும். குழாய்ப்பாதை வடிகட்டியானால், அதன் மீதுள்ள அம்புக்குறி எஞ்சின் இருக்கும் திசையைக் காட்ட வேண்டும்.

அடுத்தது, ஓட்டுநர்கள் ‘ஏர் எடுத்தல்’ என்று கூறும் பணி. காமன் ரெயில் பம்புக்குள் உராயும் பாகங்களுக்கு டீசலே மசகு எண்ணெய். காற்றோடு பம்பு சுழன்றால் அப்பாகங்கள் உலர்ந்து தேயும். ஆகவே, கைப்பம்பு உள்ள வாகனத்தில், அது கெட்டியாகும்வரை அமுக்கி, காற்று நீக்கும் திருகின் வழியே குமிழி இல்லாத டீசல் வரும்வரை பொறுத்திருங்கள். தொட்டியில் மின்பம்பு உள்ள வாகனத்தில், பேட்டரியை இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் சில நொடிகள் வைத்து அணைப்பதை ஐந்தாறு முறை செய்யுங்கள். கேனில் உள்ள வடிகட்டாத டீசலைப் புதிய வடிகட்டியின் நடுத்துளையில் ஊற்றுவது தவறு. அது வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. கிளப்பும்போது ஒரே மூச்சில் நெடுநேரம் சுழற்றாமல், பத்து நொடிக்கு ஒருமுறை இடைவெளி விடுங்கள்.

எஞ்சின் ஓடிய பின் இணைப்புகள் அனைத்தையும் விளக்கொளியில் பாருங்கள். தொட்டியில் மின்பம்பு இல்லாமல், எஞ்சின் பம்பே டீசலை உறிஞ்சிக்கொள்ளும் வாகனங்களில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். ஈரம் தெரியாதபோதும் எஞ்சின் திணறினால் அதுவே காரணமாகலாம்.

எங்கே நிறுத்துவது?

வணிகவியலில் ‘மூழ்கிய செலவு’ என்று ஒரு கருத்து உண்டு. ஏற்கெனவே செலவழித்து, திரும்பப் பெற இயலாத தொகை அது. அடுத்த முடிவை எடுக்கும்போது அதனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதே அதன் பாடம். நட்டமடைந்த தொழிலில், இவ்வளவு போட்டுவிட்டோமே என்பதற்காக மேலும் பணம் போடுவோரை நாம் அறிவோம். அசையாத வடிகட்டியின் முன் நிற்பவரின் மனநிலையும் அதுவே. இரண்டு மணி நேரம் போராடிவிட்டோமே என்ற எண்ணம், அடுத்த இழுப்பில் வலிமையைக் கூட்டச் செய்கிறது. உடைவது அப்போதுதான், அதுவும் எப்படியும் தூக்கியெறியப்போகும் வடிகட்டி பெரும்பாலும் உடைவதில்லை, அதனோடு இணைந்துள்ள, விலை மிகுந்த குழாயோ தாங்கியோ உடைகிறது.

சத்தியவேட்டில் எங்கள் கிளையின் வாடிக்கையாளரான வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் இதற்கு ஒரு நல்ல வழக்கத்தைக் கையாள்கிறார். ஸ்ரீசிட்டிப் பணியாளர்களை இரவுப் பணிக்கு ஏற்றிச் செல்பவர் அவர். டீசல் ஃபில்டரை மாற்றத் தொடங்குமுன், எந்த இணைப்புக்கும் அரைமணிக்கு மேல் ஒதுக்குவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறார். ஒருமுறை பூட்டு வாய் விடாதபோது, அரைமணி ஆனதும் கருவிகளை எடுத்து வைத்துவிட்டு, எதையும் திறக்காத நிலையில் இருந்த வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார். அங்கே காற்றழுத்தக் குழாயால் புழுதியை ஊதியெடுத்ததும் அது கழன்றது. “ஃபில்டர் போனா போகுது சார், அந்த பைப் உடைஞ்சா நாளைக்கு வண்டியே இல்ல” என்று அவர் கூறியதில் முழுக் கணக்கும் அடங்கியுள்ளது. கூலியாகக் கொடுத்த சிறு தொகையை அவர் இழப்பாகக் கருதவில்லை.

அவருடைய வழக்கத்தை மூன்று விதிகளாக்கிக் கொள்ளலாம். முதலாவதாக, கழற்றத் தொடங்குமுன்னரே நேர வரம்பை முடிவு செய்யுங்கள். இரண்டாவதாக, கடினமான இணைப்பை முதலில் அசைத்துப் பாருங்கள். அது விடுபடும் என்று உறுதியான பின்னரே மற்றவற்றைத் திறங்கள். அப்போதுதான் வேலையை நிறுத்தினாலும் வாகனம் ஓடும் நிலையில் இருக்கும். மூன்றாவதாக, பிளாஸ்டிக் வெளுத்துப் போவது, போல்ட்டின் தலை உருளத் தொடங்குவது, டப்பா நசுங்குவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அந்நொடியே கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் செல்வது பட்டறைக்காரரின் வேலையையும் கடினமாக்கும்.

வேலை முடிந்த பின்

பழைய வடிகட்டியில் எஞ்சிய டீசலைக் கால்வாயிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். தெலுங்கு கங்கைத் திட்டத்தில் சென்னைக்குக் குடிநீர் செல்லும் கண்டலேறு-பூண்டிக் கால்வாய் இப்பகுதியின் வழியாகவே ஓடுகிறது. பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் அதனைக் கொடுத்துவிடலாம். டீசல் நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் திறந்த வெளியில் உலர விடுங்கள்.

வடிகட்டி வாங்கிய ரசீதில் நாளையும் வாகனம் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி, வாகனக் கோப்பில் வையுங்கள். புதிய வடிகட்டியின் மேலும் அழியாத மையால் அவ்விரண்டையும் எழுதலாம். ஒழுங்காகப் பராமரித்ததற்குச் சான்றுள்ள வாகனம் விற்கும்போது நல்ல விலை பெறும். வாடகைத் தொழில் செய்வோருக்கு அந்த ரசீதுகள் தொழிற்செலவுக்கான ஆதாரமுமாகும்.

இன்று உங்கள் வாகனக் கையேட்டை எடுத்து, எரிபொருள் வடிகட்டிக்குரிய பக்கத்தைப் பாருங்கள். கடைசியாக மாற்றிய நாள் நினைவில் இல்லையென்றால், மாற்ற வேண்டிய நாள் ஏற்கெனவே கடந்திருக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள்.